ரேமா, எஸ்எஸ்டியா: ஒரே மடிக்கணினியில் மூன்று மாற்றங்களைச் செய்துபார்த்த மதிப்பீடு

கணினி மெதுவாகிவிட்டது என்று யாரிடம் சொன்னாலும் உடனே வரும் யோசனைகள் இரண்டு. ரேமை, அதாவது கணினி அப்போது செய்யும் வேலைக்குத் தேவையானவற்றை வைத்துக்கொள்ளும் நினைவகத்தை, கூட்டு என்பார் ஒருவர். சுழலும் வன்தட்டுக்கு (ஹார்டு டிஸ்க்) மாற்றாக, கோப்புகளைச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி போடு என்பார் மற்றொருவர். இவற்றோடு, ஒரு பென் டிரைவைச் செருகி அதையே கூடுதல் நினைவகம்போலப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற மூன்றாவது யோசனையும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மூன்றையும் ஒரே மடிக்கணினியில், ஒவ்வொன்றாகவும் பிறகு சேர்த்தும் செய்துபார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. எனவே எந்த ஒரு நிறுவனத்தின் பொருளையும் தனியாக எடைபோடாமல், இந்த மூன்று மாற்றங்களும் அன்றாட வேலையில் என்ன தருகின்றன என்பதையே இங்கே மதிப்பிடுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுழலும் வன்தட்டு உள்ள கணினியில் முதலில் மாற்ற வேண்டியது அந்த வன்தட்டைத்தான். 4 ஜிபி ரேம் மட்டுமே உள்ள கணினிக்கு அதற்கடுத்து ரேமும் தேவைப்படும். பென் டிரைவை அந்த வேலைக்கு வாங்க வேண்டாம். நான் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தேன். ரேமை முதலில் வாங்கி, இரண்டு வாரம் அதோடு ஒப்பேற்றிய பிறகுதான் எஸ்எஸ்டிக்கு வந்தேன். அந்த இரண்டு வாரங்கள் கற்றுத்தந்ததால்தான் இவ்வளவு விரிவாக எழுத முடிகிறது.

சோதித்த கணினியில் இருந்தவை 4 ஜிபி டிடிஆர்3எல் ரேம் (1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3 வகை), நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் 500 ஜிபி வன்தட்டு, 64 பிட் விண்டோஸ் 10. அதில் நான் செய்யும் வேலை பெரிதாக எதுவும் இல்லை. முந்நூறு பக்கங்களைத் தாண்டும் ஆவணங்களைத் திருத்துவது, பக்கத்தில் உலாவியில் இருபது முப்பது டேப்களைத் திறந்து வைத்துக்கொண்டு சரிபார்ப்பது, அவ்வப்போது ஒரு பிடிஎஃப் கோப்பைப் புரட்டுவது, அவ்வளவுதான். இந்த வேலைக்கே, பொத்தானை அழுத்தியதிலிருந்து உலாவியில் முதல் பக்கம் முழுமையாகத் திறக்கும் வரை மூன்று நிமிடங்களுக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. ஆவணத்திலிருந்து உலாவிக்கு மாறினால் எட்டு, பத்து விநாடிகள் திரை அப்படியே உறைந்து நிற்கும். கையை மடிக்கணினியின் இடது ஓரத்தில் வைத்தால், உள்ளே வன்தட்டின் முனை முன்னும் பின்னும் அலைவதை விரல்களில் உணர முடியும்.

அந்த உறைதல் நேரத்தில், கணினியின் எந்தப் பகுதி எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தபோதுதான் சிக்கல் புரிந்தது. செயலியின் பயன்பாடு பதினைந்து விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. வட்டு என்ற வரியோ சிவந்துபோய் 100 விழுக்காட்டில் நின்றது. ஆனால் அதே வட்டு படித்துக்கொண்டிருந்த வேகம் விநாடிக்கு ஒரு எம்பியைக்கூட எட்டவில்லை. இடைவிடாமல் உழைக்கும் ஒரு வட்டு இவ்வளவு குறைவாகத் தருவது எப்படி என்று பலரும் குழம்புவது இந்த இடத்தில்தான்.

விடை சுழற்சியில் இருக்கிறது. நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லிவிநாடி. தேவையான தரவு முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாகப் பாதிச் சுற்று, அதாவது 5.5 மில்லிவிநாடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பு முனை சரியான தடத்துக்கு நகர்வதற்கு இன்னொரு 12 மில்லிவிநாடி என்று கொண்டால், ஒரு சிறு துண்டை எடுத்துத் தரவே 17, 18 மில்லிவிநாடி ஆகிறது. அப்படியானால் விநாடிக்கு அறுபதுக்கும் குறைவான கோரிக்கைகளையே அந்த வன்தட்டு நிறைவேற்ற முடியும். ஒவ்வொன்றும் 4 கேபி அளவுள்ள துண்டு என்றால் மொத்தம் விநாடிக்கு 240 கேபிக்குள் அடங்கிவிடும். ஒரே பெரிய திரைப்படக் கோப்பை வரிசையாகப் படிக்கும்போது விநாடிக்கு 100 எம்பி தரும் அதே வட்டு, இயக்குதளம் துவங்கும்போது ஆங்காங்கே சிதறிக்கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி அலையும்போது இப்படித் திணறுவதற்கு இதுவே காரணம்.

எஸ்எஸ்டியிலும் பென் டிரைவிலும் உள்ள ஃபிளாஷ் நினைவகத்தில் சுழல்வதற்கும் நகர்வதற்கும் எதுவும் இல்லை. சாதாரண எஸ்எஸ்டி ஒன்று அதே 4 கேபி துண்டை ஏறக்குறைய 0.1 மில்லிவிநாடியில் எடுத்துத் தந்துவிடும். ரேமோ அதைவிடவும் ஆயிரம் மடங்கு விரைவானது; அதன் தாமதம் 100 நானோவிநாடி அளவில்தான். ரேமிலிருந்து எடுக்க ஒரு விநாடி ஆகிறது என்று கற்பனை செய்துகொண்டால், ஃபிளாஷிலிருந்து எடுக்கக் கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமும், என் வன்தட்டிலிருந்து எடுக்க இரண்டு நாளும் ஆகும். இந்தக் கணக்கைப் பார்க்கும் எவருக்கும் ரேமே சிறந்தது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மின்சாரம் நின்றதும் ரேமில் இருப்பதெல்லாம் அழிந்துவிடுகிறது. ஒவ்வொரு நாளும் காலையில் அந்த ரேமை நிரப்ப வேண்டியது வட்டுதான் என்பதை அப்போது நான் கணக்கில் எடுக்கவில்லை.

முதலில் பென் டிரைவைப் பற்றி. விண்டோஸ் விஸ்டா 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வெளியானபோது ரெடிபூஸ்ட் என்ற வசதி அதில் இருந்தது. ஒரு பென் டிரைவையோ மெமரி கார்டையோ செருகி அனுமதி கொடுத்தால், வட்டிலிருந்து அடிக்கடி தேவைப்படும் சிறு துண்டுகளின் நகலை இயக்குதளம் அதில் வைத்துக்கொள்ளும். வட்டைவிடச் சிறு துண்டுகளைத் தருவதில் ஃபிளாஷ் விரைவு என்பதால், அத்தகைய கோரிக்கைகள் மட்டும் அங்கே திருப்பிவிடப்படும். வரிசையாகப் படிக்க வேண்டிய பெரிய கோப்புகளை வட்டே பார்த்துக்கொள்ளும். டிரைவை யாராவது பிடுங்கி எடுத்துப் போனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாதபடி அது மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். பிடுங்கினாலும் கணினி நின்றுபோகாது, ஏனென்றால் அசல் எப்போதும் வட்டிலேயே இருக்கிறது.

யோசனை நல்ல யோசனைதான். 512 எம்பி ரேமோடு விஸ்டாவை ஓட்டியவர்களுக்கு அது உண்மையிலேயே கைகொடுத்தது. ஆனால் இது ரேமைக் கூட்டும் வசதி என்ற எண்ணம் தவறானது, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பென் டிரைவில் இருக்கும் இடம் ரேமோடு சேராது. அது வட்டுக்கு முன்னால் நிற்கும் ஒரு சிறு கிடங்கு மட்டுமே. என் கணினியில் ஒரு 8 ஜிபி பென் டிரைவைச் செருகி மூன்று நாள் வேலை செய்தேன். துவங்கும் நேரத்தில் நான் கவனிக்கத்தக்க மாற்றம் இல்லை. டேப் மாறும்போது உறையும் நேரம் பத்து விநாடியிலிருந்து ஏழு விநாடி அளவுக்கு இறங்கியது. மூன்று விநாடி மிச்சம் என்பது உண்மை. ஆனால் காத்திருப்பவரின் எரிச்சல் குறைவதற்கு அது போதாது. வட்டு எஸ்எஸ்டியாக இருந்தால் இந்த வசதிக்கு வேலையே இல்லை. வட்டே போதுமான வேகத்தோடு இருப்பதால் இதனால் பயனில்லை என்று விண்டோஸே சொல்லிவிடும்.

வட்டுக்கு முன்னால் சிறிதளவு ஃபிளாஷை நிறுத்தும் இதே எண்ணம் வேறு உருவங்களிலும் வந்து போயிற்று. இன்டெல் 2007ல் டர்போ மெமரி என்ற பெயரில் ஒரு சிறு அட்டையை மடிக்கணினிக்குள் வைத்தது. சீகேட் 2010ல் 4 ஜிபி ஃபிளாஷை வன்தட்டுக்குள்ளேயே பொதிந்து மொமெண்டஸ் எக்ஸ்டி என்ற கலப்பு வட்டை வெளியிட்டது. முழு வட்டையும் ஃபிளாஷில் செய்வது எட்டும் விலைக்கு வந்த பிறகு, பாதி வழி ஏற்பாடுகளுக்குத் தேவை குறைந்துபோயிற்று.

அடுத்து ரேம். கணினியின் அடிமூடியைக் கழற்றினால் இரண்டு ஸ்லாட்களில் ஒன்று காலியாக இருந்தது. பழைய ரேமின் ஒட்டுத்தாளில் உள்ள வகையும் வேகமும் பொருந்தும்படி இன்னொரு 4 ஜிபி ரேமை வாங்கிப் பொருத்தினேன். முதல் முறை இயக்கியபோது திரை கறுப்பாகவே நின்றது. விசிறி மட்டும் சுழன்றது. ரேம் கெட்டது என்று நினைத்து அதைத் திருப்பித்தரும் எண்ணத்தோடு வெளியே எடுத்தபோது, பொன்னிறத் தொடுபுள்ளிகளில் ஒரு மெல்லிய கோடு அளவுக்கு ஸ்லாட்டுக்கு வெளியே நின்றிருந்தது தெரிந்தது. சாய்வாக வைத்து, அந்தப் பொன்னிறக் கோடு முழுவதும் மறையும்வரை உள்ளே அழுத்தி, பிறகு கீழே மடக்கினால், இரு பக்கக் கொக்கிகளும் ஒரே நேரத்தில் டக்கென்று பிடிக்கின்றன. அந்த ஒலி கேட்கவில்லையானால் ரேம் சரியாக உட்காரவில்லை என்று பொருள். புதிதாகச் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

8 ஜிபியில் என்ன மாறியது? டேப் மாறும்போது வந்த உறைதல் முழுவதுமாகப் போய்விட்டது. முப்பது டேப், பெரிய ஆவணம், பிடிஎஃப் எல்லாம் திறந்திருக்க, எதிலிருந்து எதற்கு மாறினாலும் உடனே மாறியது. ஒரு மென்பொருளை மூடிவிட்டு மறுபடி திறந்தால் அதுவும் விரைவாகத் திறந்தது. காலியாக உள்ள ரேமில், ஏற்கெனவே படித்த கோப்புகளின் நகலை இயக்குதளம் வைத்துக்கொள்வதால் இரண்டாம் முறை வட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் கணினியை அணைத்துவிட்டு மறுநாள் இயக்கினால் மீண்டும் அதே மூன்று நிமிடக் காத்திருப்பு. துவங்கும் நேரம் பத்துப் பதினைந்து விநாடி குறைந்ததோடு சரி. நச்சுநிரல் சோதனையோ இயக்குதளப் புதுப்பிப்போ பின்னணியில் ஓடத் தொடங்கினால் வட்டு மறுபடி 100 விழுக்காட்டைத் தொட்டு, எவ்வளவு ரேம் காலியாக இருந்தாலும் புதிதாக எதையும் திறக்க முடியாமல் நின்றது. இரண்டு வாரத்துக்குப் பிறகு நான் உணர்ந்தது இதுதான்: ஏற்கெனவே திறந்துவைத்தவற்றை ரேம் காப்பாற்றித் தருகிறது, திறக்கும் வேலையை அது செய்வதில்லை.

பிறகுதான் 480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை வாங்கினேன். யூஎஸ்பி வழியாக அதை இணைத்துப் பழைய வட்டை அப்படியே நகலெடுக்க ஓர் இரவு ஆயிற்று. உள்ளே போட்டபின் கொள்ளளவு 447 ஜிபி என்று காட்டியதைக் கண்டு குறை என்று எண்ண வேண்டியதில்லை. தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்குகளில் எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024ன் மடங்குகளில் எண்ணுகிறது, அளவு ஒன்றே. பழைய வன்தட்டு 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர்தான் என்பதால், அது ஆடாமல் இருக்கக் கூடவே வந்த பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்ட வேண்டியிருந்தது.

ஒப்பீடு நேர்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகப் புதிய ரேமைக் கழற்றிவிட்டு, 4 ஜிபி ரேமோடு எஸ்எஸ்டியை மட்டும் முதலில் ஓட்டினேன். மூன்று நிமிடத்துக்கு மேல் ஆன அதே வேலை அரை நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் முடிந்தது. நிறுத்துகடிகாரத்தை நம்பாமல் நான்கு முறை அணைத்து இயக்கிப் பார்த்தேன். ஆவண மென்பொருள் சொடுக்கிய கையோடு திறந்தது. இயக்குதளப் புதுப்பிப்பு பின்னணியில் ஓடுவதே தெரியவில்லை. நான் எதிர்பாராத ஒன்றும் நடந்தது: ரேம் மறுபடி 4 ஜிபிக்குக் குறைந்துவிட்டபோதும், டேப் மாறும்போது பத்து விநாடி உறைதல் திரும்பி வரவில்லை, ஒரு விநாடிக்கும் குறைவான ஒரு சிறு தயக்கம் மட்டுமே இருந்தது. ரேம் போதாதபோது விண்டோஸ் முதலில் நினைவகத்தில் இருப்பதைச் சுருக்கி வைக்கிறது. அதுவும் போதாதபோது, இப்போது தேவைப்படாத பகுதிகளை வட்டில் உள்ள பேஜ்ஃபைலுக்கு இறக்கிவைக்கிறது. அதைத் திரும்ப எடுத்துவருவது வன்தட்டில் பெரும்பாடு. எஸ்எஸ்டியில் அது விரைவில் முடிந்துவிடுகிறது.

அதற்காக, எஸ்எஸ்டி இருந்தால் ரேமே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். டேப்களின் எண்ணிக்கை நாற்பதைத் தாண்டியதும் அந்தச் சிறு தயக்கம் ஒவ்வொரு சொடுக்கிலும் வந்து, கைவேகத்தைக் கெடுத்தது. உலாவியே சில டேப்களைத் தூக்கி எறிந்துவிட்டு, திரும்பப் போகும்போது பக்கத்தை இணையத்திலிருந்து புதிதாக இறக்கத் தொடங்கியது. பாதி நிரப்பிய ஒரு படிவம் அப்படித்தான் எனக்குப் போயிற்று. அதைத் தடுக்க எந்த எஸ்எஸ்டியாலும் முடியாது. ஃபிளாஷ் எவ்வளவு விரைவாக இருந்தாலும் அது ரேமின் இடத்தில் உட்கார முடியாததற்கு அதன் அமைப்பே காரணம். ரேமில் ஒரு சில பைட்டுகளை மட்டும் தனியே எடுக்கலாம், அதே இடத்தில் மேலெழுதலாம். ஃபிளாஷிலோ ஒரு பக்கம் முழுவதையும் படிக்க வேண்டும், ஒரு முறை எழுதிய பக்கத்தின் மேல் நேரடியாக எழுத முடியாது, பல பக்கங்கள் அடங்கிய ஒரு தொகுதி முழுவதையும் அழித்த பிறகே அங்கே மறுபடி எழுத இடம் கிடைக்கும். தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோக்கா 1980களில் இந்த நினைவகத்தை உருவாக்கியபோது, தொகுதி தொகுதியாக ஒரே மூச்சில் அழிக்க முடிவதே அதன் சிறப்பு. கேமராவின் மின்னொளியை நினைவூட்டியதால் ஃபிளாஷ் என்ற பெயரும் வந்தது.

8 ஜிபியும் எஸ்எஸ்டியும் சேர்ந்த பிறகு அந்த மடிக்கணினியில் நான் குறை சொல்ல எதுவும் இல்லை. துவங்கும் நேரம் 4 ஜிபியில் இருந்ததைவிட ஓரிரு விநாடிகளே குறைந்தது. ஆனால் தயக்கம் போய்விட்டது. ஆசைக்கு, நண்பர் ஒருவரிடமிருந்து இரண்டு 8 ஜிபி ரேம்களை இரவல் வாங்கி 16 ஜிபியாக்கியும் பார்த்தேன். என் வேலையில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. காணொளி தொகுப்பவர்களுக்கும், மெய்நிகர் கணினிகளை ஓட்டுபவர்களுக்கும் 16 ஜிபி தேவைப்படலாம். காலியாகக் கிடக்கும் ரேமைக் கூட்டுவதால் வேகம் கூடாது என்பது மட்டும் எனக்கு ஐயமறத் தெரிந்தது.

உங்கள் கணினிக்கு எது தேவை என்பதை வாங்குவதற்கு முன்பே அறிந்துகொள்ளலாம். வழக்கமாகத் திறப்பவற்றையெல்லாம் திறந்துவைத்துவிட்டு டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பகுதியைப் பாருங்கள். அங்கே கமிட்டட் (திறந்திருப்பவை எல்லாம் கேட்டுப்பெற்ற மொத்த நினைவகம்) என்று காட்டும் அளவு, உங்களிடம் உள்ள ரேமைவிடத் தொடர்ந்து மிகுதியாக இருந்தால் ரேம் போதவில்லை என்று கொள்ளலாம். விண்டோஸிலேயே உள்ள ரிசோர்ஸ் மானிட்டரில், தேவையானது ரேமில் இல்லாமல் வட்டுக்குப் போக நேர்ந்ததைக் காட்டும் ஹார்டு ஃபால்ட்ஸ் என்ற வரைகோடு நீங்கள் டேப் மாறும் ஒவ்வொரு முறையும் உச்சிக்கு ஏறினாலும் அதே பொருள்தான். மாறாக, நினைவகம் பாதி காலியாக இருக்கும்போதே வட்டு 100 விழுக்காட்டில் நின்றால், குறை வட்டில் இருக்கிறது. இயக்குதளம் 32 பிட் ஆனதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கணினிகளுக்கான விண்டோஸின் 32 பிட் பதிப்புகள் 4 ஜிபிக்கு மேல் உள்ள ரேமைப் பயன்படுத்தாது, நீங்கள் கூட்டுவது வீண்.

வாங்கும்போது தவறு நேர்வது ரேமில்தான் மிகுதி. டிடிஆர்3, டிடிஆர்4 என்பவை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடியவை அல்ல. மடிக்கணினி ரேமில் முன்னதற்கு 204 தொடுபுள்ளிகள், பின்னதற்கு 260, நடுவிலுள்ள வெட்டும் வேறு இடத்தில் இருக்கும். என்னுடையதைப் போல 1.35 வோல்ட்டில் மட்டும் ஓடும் கணினிக்கு 1.5 வோல்ட் டிடிஆர்3 பொருந்தினாலும் ஓடாது. ஒரே அளவுள்ள இரண்டு ரேம்களைப் போட்டால் செயலிக்கும் ரேமுக்கும் இடையிலுள்ள இரண்டு தடங்களும் சேர்ந்து இயங்குவதால், தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினிகளில் விளையாட்டுகள் சற்றுச் சீராக ஓடும். மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. அவற்றை வாங்கும் நாளிலேயே போதுமான ரேமோடு வாங்காவிட்டால் பின்னால் ஒன்றும் செய்ய முடியாது. வட்டைப் பெரும்பாலும் பிறகும் மாற்றிக்கொள்ளலாம். புதுக் கணினி வாங்குபவர் ரேமில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

எஸ்எஸ்டியைப் பொறுத்தவரை, பழைய வன்தட்டின் இணைப்பிலேயே பொருந்தும் சாட்டா வகை விநாடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும். அதைவிட விரைவான வேறு இணைப்பைப் பயன்படுத்தும் என்விஎம்இ வகை 3500 எம்பியையும் அதற்கு மேலும் தரும். பழைய கணினியில் என்விஎம்இ போட இடமில்லையே என்று வருந்த வேண்டாம். வன்தட்டிலிருந்து சாட்டாவுக்கு வரும்போது கிடைக்கும் பாய்ச்சல், சாட்டாவிலிருந்து என்விஎம்இக்குப் போகும்போது அன்றாட வேலையில் கிடைப்பதில்லை. நான் வாங்கிய வட்டில் ஒரே ஒரு குறையைக் கண்டேன். ஐம்பது அறுபது ஜிபி அளவுள்ள ஒளிப்படத் தொகுப்பை ஒரே மூச்சில் நகலெடுத்தபோது, தொடக்கத்தில் விரைவாகப் போய், பாதியில் வேகம் சட்டென்று வன்தட்டின் அளவுக்கு இறங்கிவிட்டது. இத்தகைய வட்டுகள் ஒரு பகுதியை விரைவாக எழுதும் இடைக்கிடங்காக வைத்துக்கொள்கின்றன. அது நிரம்பியதும் ஃபிளாஷின் ஒரு செல்லில் (தரவைத் தாங்கும் சிற்றறையில்) மூன்று அல்லது நான்கு பிட்டுகளை நெருக்கி எழுதும் மெதுவான வேலை தொடங்கிவிடுகிறது. பெரிய கோப்புகளை நாள்தோறும் எழுதுபவர்கள் சற்று உயர்ந்த வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மற்றவர்களுக்கு இது கண்ணில்கூடப் படாது.

பேஜ்ஃபைல் எழுதி எழுதி எஸ்எஸ்டி விரைவில் தேய்ந்துவிடும் என்று அஞ்சிப் பலர் அதை நிறுத்திவைக்கிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். ரேம் நிரம்பும் நேரத்தில் மென்பொருள்கள் சேமிக்காத வேலையோடு மூடிக்கொள்ளும். ஒரு வட்டுக்கு 150 டெராபைட் எழுதும் உறுதி தரப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்; நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் அந்த எல்லையைத் தொட 20 ஆண்டுகள் ஆகும். பதினான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு என் வட்டின் கணக்கைப் பார்த்தேன்: இதுவரை எழுதியது 5 டெராபைட்டுக்கும் சற்றுக் குறைவு. ஆனாலும் எஸ்எஸ்டி கெடும்போது வன்தட்டைப் போல முன்கூட்டியே ஒலி எழுப்பி எச்சரிப்பதில்லை. அழித்த கோப்புகளை அதிலிருந்து மீட்பதும் பெரும்பாலும் முடிவதில்லை. அதனால் கழற்றிய பழைய வன்தட்டை ஒரு யூஎஸ்பி உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன். வாரம் ஒரு முறை என் ஆவணங்களின் நகல் அதில் ஏறுகிறது. வரிசையாக எழுதும் அந்த வேலைக்கு அதன் வேகம் இன்றும் போதுமானதாக இருக்கிறது.